வாணமும் வாணக்காரரும்

பார்வையாளர் தம் கையால் தொட்டுச் செய்து பார்க்க இடமளிக்கும் நூதனசாலைகளே முற்போக்கானவை என இன்று பலரும் போற்றுகின்றனர். கண்ணாடிப் பேழைக்குள் உறங்கும் பொருளைக் கண்டு மீள்வது பழைமை, பொருளைக் கையிலெடுத்துப் பயில்வதே கல்வி என்பது இவர்தம் வாதம். எல்லாத் தொழில்களுக்கும் இவ்வாதம் பொருந்துமா என்பது வினாவுக்குரியது. யப்பானிய மரபு வாணவேடிக்கைக்கென அமைந்த நூதனசாலைகளை நோக்குமிடத்து இவ்வாதத்தின் போதாமை நன்கு புலனாகும்.

அகிதா மாகாணத்து ஓமகாரி, 1910இல் தொடங்கிய வாணப்போட்டியாற் புகழ்பெற்ற ஊர். வாணவேடிக்கைக்கான நூதனசாலையொன்று அங்கு 2018ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களிற் பார்வையாளர் கைக்குக் கிடைப்பது வெடிமருந்தற்ற போலி உருண்டையே. இரு அரைக்கோளங்களுள் ‘நட்சத்திரங்கள்’ எனப்படும் குளிகைகளுக்கு ஈடான மணிகளை வட்டமாக அடுக்கி, இரண்டையும் பொருத்தி, மேலே பசைத்தாளை ஒட்டினால் வாணம் ‘ஆயிற்று’. இதிற் பயனே இல்லையென வாதிடுவது நேர்மையன்று. தாள் ஒட்டுதல் அற்பமான வேலையன்று. உள்ளிருக்கும் வெடிமருந்தின் வலுவுக்கேற்ப ஓடும் வலுப்பெற வேண்டும். ஓடு முன்னதாகக் கிழிந்தால் வானில் மலரும் பூ கோணும். இந்த நுணுக்கத்தை ஏட்டில் வாசிப்பதிலும் விரலால் அறிவது மேல்.

ஆனால் விரல் அறிவது அவ்வளவே. உண்மையான நட்சத்திரம், சிறு விதை போன்றதொரு கருவின் மீது மருந்துக் கலவையைப் பூசி, வெயிலில் உலர்த்தி, மீண்டும் பூசி, மீண்டும் உலர்த்தி, நாளுக்குச் சிறிதளவாக வளர்க்கப்படுவது. ஓட்டைப் பிளக்கும் மருந்தோ நெல்லுமியின் மேல் ஏற்றப்படுகின்றது. இவ்வேலைகள் யாவும் ஒரு பொறி பட்டால் உயிர் போகும் சூழலில் நடப்பவை. 1950ஆம் ஆண்டின் வெடிபொருட் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையிலுள்ள நாட்டில் இவற்றை வழிப்போக்கர் கையிற் கொடுக்க இயலாது, கொடுக்கவும் கூடாது. கொடுக்காமைக்காக எவரையும் குறைகூறுவதற்கில்லை. ஆபத்தை நீக்கிய எச்சத்தைத் தொட்டவர், தொழிலையே தொட்டறிந்துவிட்டதாக மகிழ்ந்து வீடு திரும்புவதே கண்டனத்துக்குரியது.

‘மரபு’ என்ற சொல்லும் இம்மயக்கத்துக்குத் துணைபோகின்றது. எதோ காலத்து வாணங்கள் வெடியுப்பு, கந்தகம், மரக்கரி ஆகியவற்றின் மங்கிய செம்பொன் ஒளியையே தந்தன. இன்று கண்ணைப் பறிக்கும் சிவப்பும் பச்சையும் நீலமும் மெய்ஜி காலத்தில் மேனாட்டிலிருந்து வந்த இரசாயனப் பொருள்களின் கொடை. தோக்கியோவின் சுமிதா ஆற்று விழா, 1732இன் பஞ்சத்தில் இறந்தோரின் ஆன்ம சாந்திக்காக 1733இல் தொடங்கியதெனப் பெரிதும் சொல்லப்படுகின்றது. ஆயின் அக்காலத்து ஆவணச் சான்று இதற்கில்லை என ஆய்வாளர் காட்டியுள்ளனர். இறந்தோரைக் குறித்த அழகிய கதை எளிதிற் பரவுகின்றது. வாணத் தொழிலில் இறந்தோரைக் குறித்த கதை அவ்வாறு பரவுவதில்லை.

அவ்வாற்றங்கரையிற் கூடுவோர் வாணம் மலருந்தோறும் ‘தமாயா!’, ‘ககியா!’ என்று ஆர்ப்பரிப்பது வழக்கம். இரண்டும் வாணக் கடைகளின் பெயர்கள். ககியாவிலிருந்து பிரிந்து தனிக்கடை கண்ட தமாயா, 1843இல் தன்னிடத்து எழுந்த தீயின் காரணமாக எதோ நகரினின்று துரத்தப்பட்டது. வாணத்தை ஆண்டுதோறும் சுவைத்த நகரம், அதன் தீயை மட்டும் செய்தவன் தலையிற் சுமத்தியது. பெயர் மட்டும் வியப்பொலியாக எஞ்சியுள்ளது. அவ்வொலியை எழுப்புவோருள் எத்தனை பேர் இதை எண்ணுவர்? இது பழங்கதையுமன்று. 1955 ஆகஸ்ட் 1ஆந் திகதி அதே சுமிதாப் பகுதியில் விளையாட்டு வாணங்களை மொத்தமாக விற்ற கடையொன்று வெடித்துப் பதினெண்மர் மாண்டனர்.

இவற்றையெல்லாம் காட்டினாற் சிறுவர் அஞ்சுவர், விழாவின் களிப்புக் கெடும் என்பர் சிலர். சிறுவரின் அறிவை இவ்வளவு தாழ்வாக மதிப்பதற்கு என்ன ஆதாரம்? தொயொஹாஷி நகரத்துக் கைக்குழல் வாணத்தைக் காணச் சிறுவரும் செல்கின்றனர். அங்கு ஊரவர் தாமே மூங்கிலை வெட்டி, கயிறு சுற்றி, மருந்தை இடித்து நிரப்பி, அக்குழலைத் தம் இடுப்போடு அணைத்து நின்று கொளுத்துகின்றனர். தீப்பொறி அவர்தம் தோளின் மீதே மழையாகக் கொட்டுகின்றது. செய்தவர் யார், அவர் எதை ஏற்றுக்கொண்டு நிற்கின்றார் என்பது காண்போருக்கு ஐயமின்றி விளங்குகின்றது. அச்சிறுவர் அஞ்சி ஓடியதாகத் தெரியவில்லை.

ஆதலின் நூதனசாலைகளிடம் கேட்கவேண்டியது பெரிதன்று. பசைத்தாள் மேசை இருக்கட்டும். அதன் எதிர்ச்சுவரில், தமாயாவின் நாடுகடத்தல் தொடங்கி, மருந்துக் கூடங்களிலும் கடைகளிலும் வெடித்து மாண்டோர் வரை, ஆண்டும் இடமும் குறித்த பட்டியலொன்றை எழுதிவைக்க வேண்டும். உருண்டையை ஒட்டி முடித்துத் தலைநிமிர்பவர் முதலிற் காண்பது அதுவாக இருத்தல் வேண்டும்.