ஜுஹாவின் ஆணி

“ஏங்க, இந்த ஒரு தடவையாவது விலையப் பாக்காதீங்க” என்று மனைவி சொன்னதோடு எங்கள் வீட்டின் மூன்று மாதப் பேச்சுவார்த்தை முடிவுக்கு வந்தது. எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டு. மகன் தேசிய சேவையில் இருப்பதால் நாங்கள் இருவர் மட்டும் போவதாக ஏற்பாடு. பாலி, பாங்காக், லங்காவி என்று மலிவுக் கட்டண விமானத்தில் போய்ப் பழகிய எங்களுக்கு அவள் தேர்ந்தெடுத்த இடம் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரம். அறை வாடகை ஓர் இரவுக்கு 620 வெள்ளி. நான் பார்க்கவில்லை. அதாவது, பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லை. தோஹா வழியாகக் காசாபிளாங்கா போய், அங்கிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். பழைய நகரத்தின் மதிலுக்குள் காரை நிறுத்திவிட்டு, ஒருவர் எங்கள் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சந்து சந்தாக அழைத்துப் போனார். இருபுறமும் செம்மண் நிறச் சுவர். சன்னல் கிடையாது. குனிந்து நுழைய வேண்டிய ஒரு கதவு. “இதுக்கா 620?” என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது.

உள்ளே வேறோர் உலகம். நடுவில் வானத்தைப் பார்த்த முற்றம், ஆரஞ்சு மரங்கள், ரோஜா இதழ் மிதக்கும் நீர்த்தொட்டி, தரையெல்லாம் வண்ண ஓட்டுச் சில்லுகளால் கோலம் போட்டது போன்ற வேலைப்பாடு. அறைகள் எல்லாம் முற்றத்தைப் பார்த்தே இருக்கின்றன. இந்த வகை வீட்டுக்கு ரியாட் என்று பெயர். அந்தக் காலத்தில் வசதியான குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். 1990களிலிருந்து பிரெஞ்சுக்காரர்களும் மற்ற ஐரோப்பியர்களும் இவற்றை வாங்கிப் புதுப்பித்துச் சொகுசு விடுதிகளாக மாற்றினார்கள். விற்ற குடும்பங்கள் மதிலுக்கு வெளியே, கார் நிறுத்த இடமுள்ள புதிய வீடுகளுக்குப் போய்விட்டன. கிடைத்த விலைக்கு விற்றதில் தவறென்ன? தோபாயோவில் எங்கள் பழைய வீட்டை நாங்களும் அப்படித்தான் விற்றோம்.

புதினாத் தேநீர் வந்தது. அதை ஊற்றியவர் கையை நன்றாக உயர்த்தி, குவளையில் நுரை வரும்படி ஊற்றினார். தே தாரிக் குடித்து வளர்ந்த நமக்கு அது பெரிய வித்தை இல்லை என்றாலும் கைதட்டி வைத்தோம். சொகுசு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடிக்காததுபோல் எழுதுவது எளிது, ஆனால் பொய்.

இரண்டாம் நாள் மாலை, முற்றத்தில் கதை சொல்லும் நிகழ்ச்சி இருப்பதாக வரவேற்பில் வேலை பார்க்கும் தம்பி சொன்னார். வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். தலைக்கு 250 திர்ஹாம், ஏறக்குறைய 35 வெள்ளி. விருந்தினர்கள் 14 பேர் மெத்தைகளில் சாய்ந்துகொண்டோம். நீண்ட வெள்ளை அங்கி அணிந்த, எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கைத்தடியோடு வந்து நின்றார். “கான் யா மா கான்” என்று தொடங்கினார். இருந்ததோ, இல்லையோ என்பதுபோல் பொருள். நம்முடைய ‘ஒரே ஒரு ஊரிலே’ செய்யும் வேலையை அரபு மொழியில் அது செய்கிறது. அவர் பேசியது தாரிஜா எனப்படும் மொராக்கோவின் பேச்சு அரபு. வரவேற்புத் தம்பி பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்றைய கதையின் நாயகன் ஜுஹா. நம் வீட்டில் முல்லா கதைகள் படித்த பிள்ளைகளுக்கு இவரை அறிமுகப்படுத்தவே வேண்டாம். முட்டாள்போல் நடந்துகொண்டு எல்லாரையும் முட்டாளாக்கும் அதே ஆள்தான். அரபு நாடுகளில் பெயர் வேறு.

ஜுஹா தன் வீட்டை விற்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: சுவரில் இருக்கும் ஓர் ஆணி மட்டும் தன்னுடையதாகவே இருக்க வேண்டும். ஓர் ஆணியால் என்ன வந்துவிடப் போகிறது என்று வாங்கியவர் ஒப்புக்கொள்கிறார். சில நாள் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. “என் ஆணியைப் பார்க்க வந்தேன்.” மரியாதைக்குச் சாப்பிடச் சொல்கிறார்கள். மறுநாளும் சாப்பாட்டு நேரம், மறுநாளும் ஆணி. இன்னொரு நாள் மேலங்கியைக் கழற்றி விரித்து ஆணிக்குக் கீழே படுத்துவிடுகிறார். ஏன் என்று கேட்டால், “என் ஆணியின் நிழலில் படுத்திருக்கிறேன்.” கடைசியில் செத்த கழுதை ஒன்றைக் கொண்டுவந்து அந்த ஆணியில் தொங்கவிடுகிறார். நாற்றம் தாங்காமல் வாங்கியவர் வீட்டை விட்டு ஓடுகிறார்.

அரபு மொழியில் ‘ஜுஹாவின் ஆணி’ என்பது ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. சின்ன உரிமையை வைத்துக்கொண்டு முழு இடத்திலும் கால் வைப்பவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால், பெரியவர் கதையை முடித்ததும் முற்றத்துத் தூண் ஒன்றைத் தடியால் மெல்ல இரண்டு முறை தட்டினார். அதைத் தம்பி மொழிபெயர்க்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நாங்கள் 14 பேரும் நாகரிகமாகக் கைதட்டினோம்.

நிகழ்ச்சிக்குப் பிறகு தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு பெரியவரிடம் பேசினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜமா எல் ஃப்னா சதுக்கத்தில் கதை சொன்னவராம். அங்கே கதைசொல்லியைச் சுற்றி மக்கள் வட்டமாக நிற்பார்கள். அந்த வட்டத்துக்கு ஹல்கா என்று பெயர். கதைசொல்லி ஹ்லைகி. கதை உச்சத்துக்கு வரும்போது சட்டென்று நிறுத்திவிட்டுக் காசு கேட்பது தொழிலின் முதல் பாடம். இளவரசன் கிணற்றில் தொங்குகிறான், கயிறு அறுகிறது, உங்கள் கை பைக்குள் போகட்டும். போதிய காசு சேர்ந்தால்தான் இளவரசன் மேலே வருவான்.

“இங்கே நீங்கள் எங்கும் நிறுத்தவில்லையே” என்றேன்.

“எதற்கு நிறுத்த வேண்டும்? பணத்தை ரியாட் கொடுத்துவிடுகிறது” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அங்கே கதை தொய்ந்தால் ஆள் நகர்ந்துவிடுவான். எவன் காலை மாற்றி வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டேதான் சொல்ல வேண்டும். இங்கே யாரும் நகர்வதில்லை. நன்றாகச் சொன்னேனா, மோசமாகச் சொன்னேனா என்று எனக்கே தெரிவதில்லை” என்றார்.

ஓர் இரவுக்கு அவருக்கு 400 திர்ஹாம். 14 பேர், தலைக்கு 250 என்று நான் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன், நீங்களும் பெருக்கியிருப்பீர்கள். அதை மெதுவாகத் தம்பியிடம் சொன்னபோது, பெரியவரே பதில் சொன்னார்: சதுக்கத்தில் நாள் முழுக்க நின்றும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போன நாள்கள் உண்டு. மழை பெய்தால் ஹல்கா இல்லை. முட்டியும் இப்போது ஒத்துழைப்பதில்லை. எனக்கு வாயடைத்துவிட்டது. 620 வெள்ளி அறையில் தங்கிக்கொண்டு, அவர் சதுக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு எனக்கு என்ன தகுதி?

அவர் சொன்ன காசு கேட்கும் உத்தியைக் கேட்டதும் அப்பாவின் நினைவு வந்தது. 1950களில் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கி ஒன்றில் எடுபிடி வேலை பார்த்தவர் அவர். மாலையில் சிங்கப்பூர் ஆற்றோரம் நடப்பாராம். அங்கே சீனக் கதைசொல்லி ஒருவர் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வைத்துக் கதை சொல்வார். கூலித் தொழிலாளர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பத்தி எரிந்து முடிந்ததும் கதை நிற்கும், காசு வசூல் நடக்கும், அடுத்த பத்தி ஏற்றப்படும். அப்பாவுக்குச் சீனம் ஒரு சொல்லும் தெரியாது. “பிறகு ஏன்பா நின்னீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “கேக்குறவங்க மூஞ்சியப் பாப்பேன்” என்றார். இன்று அந்த ஆற்றோரம் முழுவதும் உணவகங்கள்.

மறுநாள் இரவு சதுக்கத்துக்குப் போனோம். இதை அருவ மரபின் தலைசிறந்த எடுத்துக்காட்டு என்று யுனெஸ்கோ 2001இல் அறிவித்தது. 2008இல் அதன் பட்டியலிலும் சேர்த்தது. அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் ஹுவான் கொய்திசோலோ என்ற ஸ்பானிய எழுத்தாளர். மராகேஷிலேயே வாழ்ந்து 2017இல் அங்கேயே இறந்தவர். கட்டடத்தைப் பாதுகாக்கச் சட்டம் போடலாம். வாயிலிருந்து வரும் சொல்லை எப்படிப் பாதுகாப்பது? சதுக்கம் பத்திரமாக இருக்கிறது. புகை கிளப்பும் உணவுக்கடைகள், நத்தைச் சாறு விற்பவர்கள், மருதாணி போடும் பெண்கள், பாம்பாட்டிகள், க்னாவா இசைக்காரர்கள், சோடாப் புட்டிகளைத் தூண்டிலால் பிடிக்கும் விளையாட்டு. (படம் எடுத்தால் காசு கேட்பார்கள். அது நியாயமும்கூட, சில்லறையோடு போங்கள்.) சற்றுத் தள்ளி 77 மீட்டர் உயரத்தில் குதுபியா பள்ளிவாசல் கோபுரம். புத்தக வணிகர்களின் பெயரால் அந்தப் பள்ளிவாசலுக்கு அந்தப் பெயர் வந்தது. எல்லாம் இருந்தன. இரண்டு முறை சுற்றி வந்தும் கதைசொல்லி ஒருவரைக்கூட அன்று நான் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி வைத்த இசைக்குழுக்களுக்கு நடுவே வெறும் தொண்டையால் யார் கதை சொல்ல முடியும்?

நகரத்தில் கதை அடியோடு நின்றுவிடவில்லை. பழைய ஹ்லைகிகளிடம் கற்ற இளைஞர்கள் காப்பிக் கடைகளில் அரபிலும் ஆங்கிலத்திலும் சொல்கிறார்கள். ஆனால் அங்கே கேட்பவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்றவர்கள்.

இதை வரவேற்புத் தம்பியிடம் சொன்னபோது அவர் வேறொன்றைச் சொன்னார். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி இரவு வந்த நிலநடுக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். சதுக்கத்தை ஒட்டிய சின்னப் பள்ளிவாசல் ஒன்றின் கோபுரம் சரிந்தது. வீட்டுக்குள் போகப் பயந்து ஏராளமானோர் சதுக்கத்திலேயே படுத்தார்கள். தம்பியின் குடும்பமும் அவர்களில் ஒன்று. பக்கத்தில் அழுத பிள்ளைகளுக்கு அவருடைய பாட்டி விடிய விடியக் கதை சொன்னாராம். “எங்கள் பாட்டிக்கு இவ்வளவு கதை தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்” என்றார். அதன் பிறகுதான், வேறு ஒருவருக்குப் போகவிருந்த மொழிபெயர்ப்பு வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது முப்பது கதைகள் மனப்பாடம். ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். தாரிஜாவில் சொன்னால், “இது என்ன, விலாசம் சொல்வதுபோல் சொல்கிறாய்?” என்று பாட்டி கேலி செய்கிறாராம்.

எங்கள் கடைசி இரவு அவருக்கு விடுமுறை. “சதுக்கத்துக்கு வருகிறீர்களா? தெரிந்த முகம் இரண்டு இருந்தால் நல்லது” என்றார். அப்போதுதான் புரிந்தது. மனைவி ஏற்கெனவே செருப்பை மாட்டிவிட்டாள்.

இரைச்சல் குறைந்த ஒரு மூலையில் நின்றார். முதலில் யாரும் வரவில்லை. பிறகு இரண்டு சிறுவர்கள், ஆரஞ்சுச் சாறு வண்டிக்காரர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. ஒன்பது பேர் ஆனதும் “கான் யா மா கான்” என்றார். குரல் நடுங்கியது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் கதை தெரிந்திருந்தது. அவர் கட்டைவிரலால் காற்றில் அழுத்தியபோது அது ஆணி. முழங்கையில் தலையை வைத்துச் சாய்ந்தபோது நிழலில் தூக்கம். நான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். சிறுவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். சாறு வண்டிக்காரர் காலை மாற்றி வைத்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மகனுடைய பள்ளிப் பேச்சுப் போட்டியில்கூட நான் இவ்வளவு பதறியதில்லை.

தம்பி மூக்கைப் பொத்தினார். கழுதை வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகுதான் தொப்பியைக் கழற்றி நீட்டினார். மூன்று பேர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். கழுதைக்கு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் எங்களிடம் வந்து, “எங்கே தப்பு?” என்று கேட்டார். “கழுதையை மாட்டுவதற்கு முன்னால் காசைக் கேட்டிருக்கலாம்” என்றேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். விளக்கு வெளிச்சத்தில் எண்ணினோம். மொத்தம் 27 திர்ஹாம். அதில் 20 நான் போட்டது. அதைத் திருப்பித் தர வந்தார். மனைவி வாங்கவிடவில்லை. மீதி 7 திர்ஹாமை மட்டும் தனியாக எடுத்து, சட்டையின் வேறு பையில் போட்டுக்கொண்டார்.