நாலு வயதுப் பிள்ளைக்கு ஒருமை பன்மைத் தாள் எதற்கு?



தரம் 1 படிப்பிக்கிற ஆசிரியர்களாக நாங்கள் இதைக் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுகிறோம். முன்பள்ளி நடத்துபவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எங்கள் ஊர்களில் ஒரு தாள் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இடப்பக்கம் ஒரு முட்டை, வலப்பக்கம் மூன்று முட்டை. ஒன்றின் கீழே ஆங்கிலத்தில் 'எக்', மற்றதன் கீழே 'எக்ஸ்'. பிள்ளை கோடு போட்டு இணைக்க வேண்டும், பிறகு புள்ளி எழுத்தின் மேல் பென்சிலால் எழுத வேண்டும். இப்படிப் பத்துச் சொல். நாளைக்கே முடித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு வயது நாலு.

இரவு எட்டு மணிக்கு அந்தத் தாளோடு வீட்டில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். தாய் ஏசுகிறார், பிள்ளை அழுகிறது, கடைசியில் தாயே பிள்ளையின் கையைப் பிடித்து எழுதி முடிக்கிறார். மறுநாள் அதற்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. யாருக்கு அந்த நட்சத்திரம்?

இன்னொரு வீடும் இருக்கிறது. உம்மா குவைத்திலோ சவூதியிலோ வேலைக்குப் போயிருப்பார். பிள்ளையை வளர்ப்பது மூத்தும்மா. அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. தாளைப் பார்த்ததும், "எனக்கு இதெல்லாம் தெரியாது மகன், உம்மா கோல் எடுத்தா கேளுங்க" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார். எங்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அந்தப் பிள்ளைக்கு ஒன்றையும் பலவற்றையும் பிரித்துப் பேசக் கற்றுக்கொடுக்க அந்த வீட்டில் அவரைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு போட்டோகொப்பித் தாள் அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறது.

ஒருமை பன்மை என்பது முதலில் காதுக்கும் கைக்கும் உரியது. எழுத்து அதற்குப் பிறகுதான். "கரண்டி ஒண்டு கொண்டாங்க" என்றால் பிள்ளை ஒன்றை எடுத்து வருகிறது. "கரண்டியெல்லாம் கொண்டாங்க" என்றால் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வருகிறது. அந்தப் பிள்ளைக்கு ஒருமை பன்மை விளங்கிவிட்டது. சொல்லத் தெரிவதற்கு முன்பே விளங்குகிறது, எழுதத் தெரிவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே விளங்குகிறது. வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கச் சொல்லுங்கள். நோன்பு காலத்தில், "ஆளுக்கு ஒரு ஈத்தம்பழம் வைங்க, மிச்ச ஈத்தம்பழங்களை டப்பாவில போடுங்க" என்று சொல்லுங்கள். காய்ந்த உடுப்பு மடிக்கும்போது, "இது வாப்பாட சட்டை, இதுகள் உங்கட சட்டைகள்" என்று சொல்லிக்கொண்டே மடியுங்கள். 'அது', 'அதுகள்', 'இது', 'இதுகள்' என்பவை மிகப் பெறுமதியான சொற்கள். ஒரு நாளைக்கு அவற்றை எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் அந்தத் தாளின் பத்துச் சொல் வெட்கப்படும்.

அடுத்தது, தாளைத் தயாரித்தவர்கள் யோசிக்காத விஷயம். ஆங்கிலத்தில் எண் வந்தால் சொல்லின் வாலும் மாற வேண்டும், 'டூ எக்ஸ்' என்றே சொல்ல வேண்டும். தமிழில் 'ரெண்டு முட்டை' போதும். ரெண்டு என்று சொன்ன பிறகு 'கள்' என்று இன்னொரு முறை சொல்லத் தேவையில்லை. 'ரெண்டு முட்டைகள்' என்பதும் எழுத்தில் சரிதான், ஆனால் கடையில் அப்படிக் கேட்கிறவர் யாரும் இல்லை. ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒரே வடிவத்தில் நிற்கும் இப்படியான பெயர்களுக்கு நன்னூல் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் பிள்ளை 'டூ எக்' என்று சொன்னால் அது மந்தம் இல்லை. தன் தாய்மொழியின் ஒழுங்கை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். இதற்காகப் பிள்ளையின் கையில் அடிக்கிறவர்கள், அந்தப் பிள்ளை தமிழைச் சரியாகப் படித்ததற்காக அடிக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகளின் காதில் விழுவது ஒரு மொழி அல்ல. பக்கத்துக் கடையில் சிங்களம். அதில் ஒரு புத்தகம் 'பொத', பல புத்தகம் 'பொத்'. பன்மையில் சொல் நீளாமல் குறைகிறது! மத்ரஸாவில் அரபு. அதில் ஒரு புத்தகம் 'கிதாப்', பல என்றால் 'குதுப்'. சொல் உள்ளுக்குள்ளேயே உருமாறிவிடுகிறது. இரண்டு புத்தகத்துக்கு மட்டும் தனியாக ஒரு வடிவம் வேறு உண்டு. முன்பள்ளியில் 'ஸ்'. வீட்டில் 'கள்'. வீட்டிலும் 'கள்' மட்டுமா? மாமிமார், ராத்தாமார், டீச்சர்மார். ஆள் என்றால் 'ஆக்கள்', மரம் என்றால் 'மரங்கள்', பூ என்றால் 'பூக்கள்'. மூத்தும்மா ஒருவர்தான், ஆனால் 'வாறா' என்று சொன்னால் ஏச்சு விழும், 'வாறாங்க' என்று பலரைப் போலச் சொல்ல வேண்டும். பூனைக்கு மட்டும் ஒன்று வந்தாலும் நாலு வந்தாலும் 'வருது'தான். இவ்வளவையும் நாலு வயதில் ஒரு பிள்ளை காதால் கேட்டே பிரித்தெடுக்கிறது. இதை எந்தத் தாளில் கோடு போட்டு இணைப்பது?

பிள்ளை இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1958இல் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்பவர், நாலு வயது முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளிடம் குருவி மாதிரி ஒரு படத்தைக் காட்டி, "இது ஒரு வக்" என்றார். அப்படி ஒரு சொல்லே உலகத்தில் கிடையாது. இரண்டு இருக்கும் படத்தைக் காட்டியபோது பெரும்பாலான பிள்ளைகள் 'வக்ஸ்' என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத சொல்லுக்குப் பன்மை வந்தது. அதே பிள்ளைகளிடம் 'டாஸ்' என்று இன்னொரு பொய்ச் சொல்லைக் கொடுத்தபோது பலர் அதற்குப் பன்மை சொல்லத் திணறினார்கள். 'கிளாஸ்' என்பதற்கு 'கிளாஸஸ்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள்தான் அவர்கள். ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைக்கே ஒவ்வொரு விதியும் தன் நேரத்தில்தான் வருகிறது. எங்கள் பிள்ளைக்கு மட்டும் நாளைக்குள் வர வேண்டுமாம்.

பிழை விட்டால் என்ன செய்வது என்று தாய்மார் கேட்கிறார்கள். 'பூகள்' என்று பிள்ளை சொன்னால் "ஓ, நிறையப் பூக்களா? எங்க அந்தப் பூக்கள்?" என்று சரியான சொல்லைப் பேச்சுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். "பிழை, திரும்பச் சொல்லுங்க" என்று நிறுத்தாதீர்கள். 'சோறுகள்' என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். 'கள்' சேர்க்கலாம் என்று பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிட்டது, எண்ண முடியாத பொருளுக்கு அது ஒட்டாது என்பது மட்டும்தான் பாக்கி. சோறு, பால், தண்ணி, மணல் இவையெல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. நாலு கோப்பையில் தண்ணியை ஊற்றிவிட்டு, "கோப்பைகள் நாலு, தண்ணி?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை யோசிக்கும் அந்த நொடியின் முகத்தைப் பார்த்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இப்படித் திரித்து எழுதுவதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்த வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், முட்டை உடைக்கும்போது 'ஒன் எக், டூ எக்ஸ்' என்று சொல்லுங்கள். சொல்லும் பொருளும் ஒன்றாகக் கையில் இருக்கட்டும். பேசாத மொழியின் பன்மையைத் தாளில் படிப்பிப்பதுதான் வீண் வேலை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் ஊர்களில் பாதி முன்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் 'மொன்டிசோரி' என்றிருக்கிறது. 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக மரியா மொன்டிசோரி தொடங்கிய இடத்தில் பிள்ளைகள் பொருட்களைக் கையில் எடுத்து, அடுக்கி, மாற்றிப் படித்தார்கள். அந்தப் பெயரைப் பலகையில் போட்டுவிட்டு, மாதக் கட்டணத்துக்கு மேல் போட்டோகொப்பிக் காசும் அறவிடுகிறார்கள்.

தரம் 1க்கு வரும் பிள்ளைகளிடம் எங்களுக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பேசிப் பழகி வந்த பிள்ளை முதல் கிழமையிலேயே, "டீச்சர், என்ட பென்சில் விழுந்துட்டு, அவங்கட பென்சில்களும் விழுந்துட்டு" என்று முறைப்பாடு கொண்டுவருகிறது. தாளோடு மட்டும் வளர்ந்த பிள்ளை கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறது. பிழையாகிவிடுமோ என்ற பயத்தில் வாய் திறப்பதில்லை. அந்தப் பயத்தை எடுக்க எங்களுக்குச் சில வேளை ஒரு தவணை முழுவதும் போகிறது.

"தாள் முடிக்காமல் அனுப்பினால் டீச்சர் ஏசுவாங்களே" என்று கீழே எழுதப்போகும் தாய்மாருக்கு: வெறுந்தாளாகவே அனுப்புங்கள். பின்பக்கத்தில், "இன்றைக்கு மகள் மூத்தும்மாவோடு பன்னிரண்டு முட்டைகளை எண்ணி அடுக்கினா, ஒன்று உடைந்தது" என்று எழுதிவிடுங்கள். டீச்சர் கோபித்தால் இந்தப் பதிவைக் காட்டி, எங்களோடு பேசச் சொல்லுங்கள்.