காச்சிகூடா வாத்தியாரை மறக்கலாமா?

சாந்திபுரம், குப்பம் பக்கத்துப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிரிக்கெட் மட்டையைத் தூக்குகிறார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் இதே கதைதான். கிரிக்கெட் ஆடட்டும், தவறில்லை. ஆனால் இந்தியக் கால்பந்துக்குத் தலைநகராக விளங்கிய ஐதராபாத்தைப் பற்றியும், அதில் நம்மவர்களுக்கு இருந்த பங்கைப் பற்றியும் இவர்களிடம் சொல்ல ஆள் இல்லையே!

சையத் அப்துல் ரஹீம் பள்ளிக்கூட வாத்தியார். காச்சிகூடா என்றால் நம்மவர்களுக்கு ரெயில்தான் ஞாபகம் வரும். அங்கே நடுநிலைப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். முதலில் ஆட்டக்காரர். பிறகு 1943 முதல் ஐதராபாத் கால்பந்து சங்கச் செயலாளர். அவர் பயிற்சியில் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இடது காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றெல்லாம் விதி வைத்துப் பையன்களுக்குப் போட்டி நடத்துவார். வலது காலையே நம்பி இருப்பவன் பாதி ஆட்டக்காரன்தானே!

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய நம் அணி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. ரஹீம் சோர்ந்துவிடவில்லை. 1956 மெல்போர்னில் இந்தியாவுக்கு 4-வது இடம். இன்றுவரை அதைத் தாண்டியதில்லை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோல்வி. இறுதி ஆட்டத்தில் மீண்டும் அதே தென்கொரியா. ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார் ரஹீம். அவர் ஒரு கோல், பி.கே.பானர்ஜி ஒரு கோல். 2-1 என்று தங்கம் நமக்கு! அப்போதே ரஹீமுக்குப் புற்றுநோய். 1963 ஜூன் 11-ந்தேதி காலமானார்.

அந்த இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். முன்வரிசையில் துளசிதாஸ் பாலராம். செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்து அவரைப் பயிற்சிக்கு வரவழைத்தவர் ரஹீம் என்பார்கள். பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளை 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டான் என்றால், அதற்கு அந்த சைக்கிள் காசும் ஒரு காரணம்.

பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-ல்தான் பிறந்தது. ரஹீம் வழியில் வந்த ஐதராபாத் நயீமுதீன், 1970-ல் ஆசிய வெண்கலம் வென்ற அணியின் தலைவர், பின்னர் இந்தியப் பயிற்சியாளர். அவருக்கு 1990-ல் அந்த விருது கிடைத்தது. குருவுக்கோ, 2024-ல் இந்தியில் 'மைதான்' படம் வந்த பிறகுதான் பலருக்குப் பெயரே தெரிந்தது. சினிமா வந்து சொல்ல வேண்டியிருக்கிறது!

இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவில் மாலைக்கும் மேடைக்கும் செலவிடுவதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து நாலு பந்து வாங்கலாம். பள்ளி நிர்வாகங்கள் உடற்பயிற்சி ஆசிரியரை ஆபீஸ் வேலைக்கு இழுக்காமல் மைதானத்தில் விட வேண்டும். மாலை மணி அடித்ததும் மைதானத்துக் கேட்டுக்குப் பூட்டுப் போடுகிறார்களே, அதை முதலில் நிறுத்தட்டும்.