'நலம்' என்னும் சிறு பொய்

'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்பது பழமொழி. இப்பள்ளியின் வகுப்பறையில் அமர்ந்து, உலக வரைபடத்தில் லண்டன் மாநகரை விரலால் தொட்டுப் பார்த்த நாட்களில் எனக்கும் அக்கரை பச்சையாகவே தெரிந்தது. செவிலியர் படிப்பை முடித்து, அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் பணியேற்று இப்போது ஓராண்டு நிறைந்துவிட்டது. அவ்வாண்டு எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றை என் இளைய சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

லண்டன் வியப்புக்குரிய நகரம்தான். உலகின் முதல் சுரங்க ரயில் 1863ஆம் ஆண்டில் ஓடியது அங்கேதான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கலைச் செல்வங்களைக் காணக் கட்டணம் இல்லை. ஈஸ்ட்ஹாம் கடைவீதியில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது. இவற்றையெல்லாம் படமெடுத்து வீட்டிற்கு அனுப்பினேன். அனுப்பாமல் மறைத்தவையும் இருந்தன.

டிசம்பர் மாதத்தில் அங்கே சூரியன் காலை எட்டு மணிக்கு எழுந்து, மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடும். எனக்கோ காலை ஏழரை முதல் இரவு எட்டு வரை வேலை. பணி நாட்களில் வெயிலையே காணவில்லை. வேலை முடியும்போது நம் ஊரில் நள்ளிரவு ஒன்றரை மணி. அம்மாவோடு பேசவும் வழியில்லை.

ஒரு நாள் மூதாட்டி ஒருவர், "ஒரு பென்னி செலவழிக்க வேண்டும்" என்றார். நான் அவருடைய பணப்பையைத் தேடினேன்! கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை அந்நாட்டு முதியவர்கள் அப்படிச் சொல்வதுண்டு. முற்காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவைத் திறக்க ஒரு பென்னி போட வேண்டியிருந்ததாம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு தனியே போய் அழுதேன். சிரித்ததை அம்மாவிடம் சொன்னேன், அழுததைச் சொல்லவில்லை. "நலமாயிருக்கிறேன் அம்மா" என்பதே ஞாயிறுதோறும் நான் ஒப்பித்த பாடம்.

என் சிவந்த கண்களைக் கவனித்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்த மூத்த செவிலி ஒருவர். "முதல் ஆண்டில் நானும் என் தாயிடம் இதே பொய்யைத்தான் சொன்னேன். நீ உண்மையைச் சொல்லிவிடு" என்றார். லண்டன்வாசிகளில் பத்துக்கு நான்கு பேர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள் என்கிறது 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு. அப்படியானால் ரயிலில் என் பக்கத்தில் மௌனமாக அமர்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் இதே பொய்யைச் சொல்லியிருப்பார்கள்!

அடுத்த ஞாயிறு மனம் திறந்து பேசினேன். அம்மா சற்று நேரம் மௌனமாயிருந்தார்கள். "உன் குரலிலேயே எனக்குத் தெரியும். நீயாகச் சொல்லட்டும் என்றிருந்தேன்" என்றார்கள். பிறகு தாமும் ஒன்றைச் சொன்னார்கள். நவம்பரில் சர்க்கரை கூடி, நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார்களாம். "நீ அங்கே தனியாகக் கலங்குவாய் என்றுதான் மறைத்தோம்." நான் திடுக்கிட்டேன். நாள்தோறும் பிறருக்குச் சர்க்கரை அளவு பார்க்கும் எனக்கு, பெற்ற தாயின் நோய் தெரியவில்லை!

தூரத்தில் இருப்பவர்களை ஏன் வருத்த வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அன்பினால் எழும் கேள்விதான் அது. ஆனால் ஒருவர் மறைத்தால் மற்றவரும் மறைக்கிறார். முடிவில் இருவரும் தனித்தனியே துன்பப்படுகிறார்கள். லண்டனின் இருட்டை அம்மாவால் நீக்க முடியவில்லைதான். ஆயினும், "விடுமுறை நாளில் நண்பகல் வேளையில் வெளியே போய்ச் சற்று நட" என்றார்கள். அந்த ஒரு சொல் எனக்கு மருந்தாயிற்று.

பெற்றோரே, வெளிநாட்டிலுள்ள மகளிடம் சம்பளத்தையும் ஊர்ப் புதுமையையும் கேட்பதோடு, "இந்த வாரம் உனக்கு எது கடினமாயிருந்தது?" என்றும் கேளுங்கள். உங்கள் நோயையும் அவளிடம் சொல்லுங்கள். சகோதரிகளே, நாளை நீங்களும் கடல் கடக்கலாம். சென்னை விடுதிக்கும் செல்லலாம். வீட்டாரிடம் பேசும்போதெல்லாம் மகிழ்ச்சி ஒன்றைச் சொன்னால், துயரம் ஒன்றையும் சொல்லுங்கள்.

இப்பள்ளியில் மாலை வேளைகளில் நம் முகம் வாடினாலே "என்னம்மா?" என்று கேட்கும் கன்னியர் இருந்தார்கள். மாநகரில் அப்படி யாரும் கேட்பதில்லை. ஆகவே, கேட்கப்படாமலே உண்மையைச் சொல்லப் பழகுவோம். அது பலவீனமன்று, அன்புக்குரியவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை.