பேசும் பலகையும் கேட்கும் கருவியும்

நம் பூவிருந்தவல்லியில் பேருந்துக்காகக் காத்து நிற்கையில், வெள்ளைக்கோல் ஏந்திய ஒருவர், "அம்மா, வந்து நிற்பது எந்த பஸ்?" என்று வினவுவதைக் கேளாதவர் நம்மில் யார்? பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி நம் ஊரில்தானே இருக்கிறது! அவர்கள் ஒவ்வொரு முறையும் பிறரைக் கேட்டுத்தான் வழி அறிய வேண்டுமா?

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள ஸ்மித்-கெட்டில்வெல் கண் ஆராய்ச்சி நிலையத்தார், 1970களின் இறுதியில் 'பேசும் பலகை' என்னும் சாதனத்தை உருவாக்கினர். வாயிலிலும் படிக்கட்டிலும் அகச்சிவப்புக் கதிரை வீசும் சிறு விளக்கு இருக்கும். பார்வையற்றவர் தம் கையிலுள்ள கருவியை அப்பக்கம் திருப்பினால், அது இன்ன இடம் என்று குரல் ஒலிக்கும். ஒளி நேராகச் செல்வதாலும் சுவரை ஊடுருவாததாலும், குரல் தெளிவாகக் கேட்கும் திசையே அவர் செல்ல வேண்டிய வழி.

ஆனால், சொல்லும் கருவிக்கும் கேட்கும் கருவிக்கும் பொருத்தம் வேண்டும். முதலாவது, அலைநீளப் பொருத்தம். விளக்கு 940 நானோமீட்டர் கதிரை வீசினால், கேட்கும் கருவியும் அக்கதிரை நன்கு உணர வேண்டும். இரண்டாவது, துடிப்புப் பொருத்தம். சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு. அதனின்று பிரித்தறியவே, தொலைக்காட்சி ரிமோட் பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை துடிக்கிறது. பேசும் பலகையின் துடிப்போ 25,000. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. மூன்றாவது, கோணப் பொருத்தம். கேட்கும் கோணம் மிகக் குறுகினால் பலகையைத் தேடிப் பிடிப்பது கடினம். மிக விரிந்தால் திசை தெரியாது.

ஆகவே என் கருத்து இதுதான்: பேருந்து நிலையம் ஒரு வகை, மருத்துவமனை வேறு வகை, மெட்ரோ நிலையம் இன்னொரு வகை என்று அமைத்தால், பார்வையற்றவர் கழுத்தில் மூன்று கருவிகளா தொங்கும்? எங்கும் ஒரே அளவு என்று அரசு முதலில் முடிவு செய்யட்டும். அதைச் சோதிக்கும்போது பார்வையற்ற மாணவர்களையும் உடன் அழைக்கட்டும். பயன்படுத்துவோர் அவர்களல்லவா?

"கைபேசியே இடத்தைக் காட்டுகிறதே!" எனச் சிலர் கூறலாம். செயற்கைக்கோள் காட்டும் இடம் சில மீட்டர் பிசகலாம். கட்டடத்தினுள் இன்னும் பிசகும். கண் தெரிந்தவருக்கு அது சிறு பிழை. பார்வையற்றவருக்கோ, அதுவே படிக்கட்டுக்கும் நடைமேடையின் விளிம்புக்கும் உள்ள தூரம். வெயிலின் கடுமையில் அகச்சிவப்புக் கருவியும் தடுமாறும். எனவே கூரையுள்ள இடங்களே இதற்கு ஏற்றவை.

தோழியரே! இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, ரிமோட்டைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்திப் பாருங்கள். நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளி, பெரும்பாலான கைபேசிகளில் மின்னுவது தெரியும். அந்த ஒளி நம் ஊரில் பிறருக்கு வழிகாட்டும் நாள் வரட்டும். அதுவரை, பேருந்து வந்ததும் அதன் எண்ணை, அவர்கள் கேட்பதற்கு முன்பே நாம் உரக்கச் சொல்லலாமே!