ஆடி அமாவாசைக்கு லீவு உண்டா? தேருக்குக் கிடைக்கும் விடுமுறை திதிக்கு ஏன் கிடைப்பதில்லை?

ஆடி அமாவாசை அன்று விடியற்காலையில் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டத்தைக் கடலில் கரைத்துவிட்டு எழுந்திருப்பவர்களில் பலர் நின்று பேசுவதில்லை. ஈர வேட்டியைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு, பேன்ட் மாட்டி, வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். ஏன் இவ்வளவு அவசரம்? அன்றைக்கு வேலை நாள்!

அதே மாவட்டத்தில் சிதம்பரம் நடராஜர் கோயில் விழா என்றால் கதை வேறு. ஆருத்ரா தரிசனம், ஆனித் திருமஞ்சனம் போன்ற விழாக்களையொட்டி கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். பெரும்பாலான கோயில்களில் உற்சவர்தான் வீதியுலா வருவார். சிதம்பரத்தில் மூலவர் நடராஜரே தேரில் ஏறி நான்கு வீதியும் வருகிறார். ஊரே திரளும் அந்த நாளில் விடுமுறை விடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆனால் கொண்டாட்டத்துக்குக் கிடைக்கும் லீவு, இறந்தவர்களை நினைக்கும் நாளுக்கு ஏன் கிடைப்பதில்லை?

2026-ல் என்ன விசேஷம்?

இந்த ஆண்டு ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12, புதன்கிழமை. மறுநாள் 13-ம் தேதி ஜப்பானில் 'ஓபோன்' தொடங்குகிறது. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், அதாவது 'ஆவிகளின் மாதம்' பிறப்பதும் அதே 13-ம் தேதிதான். நமக்கு அக்னி நட்சத்திரம் போனாலே கோடை முடிந்த மாதிரி. அவர்களுக்கு ஆகஸ்ட்தான் உச்சக் கோடை. பருவத்தின் பெயர் வேறு. வீட்டுப் பெரியவர்கள் நம்மைத் தேடி வருகிறார்கள் என்ற நம்பிக்கை மட்டும் ஒன்று.

ஜப்பான் எப்படிச் சமாளிக்கிறது?

ஓபோன் பெரும்பாலான பகுதிகளில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை நடக்கிறது. முன்னோரை வரவேற்க விளக்கு ஏற்றுவார்கள், கல்லறையைக் கழுவிச் சுத்தம் செய்வார்கள், இரவில் ஊர் கூடி 'போன் ஓதோரி' நடனம் ஆடுவார்கள். கடைசி நாளில் காகித விளக்குகளை ஆற்றில் மிதக்கவிடும் ஊர்களும் உண்டு. அழுகையும் ஆட்டமும் ஒரே பந்தலில்!

இதில் பலருக்கும் தெரியாத விஷயம், ஓபோன் சட்டப்படி அரசு விடுமுறை கிடையாது. 2016 முதல் ஆகஸ்ட் 11 'மலை நாள்' என்ற பெயரில் விடுமுறை. அதை ஒட்டி வரும் ஓபோனுக்கு நிறுவனங்களே லீவு விட்டுவிடுகின்றன. நம்ம ஊர் தீபாவளிக் கூட்டம் மாதிரி ரயில்கள் நிரம்பி வழிகின்றன. சட்டம் தராததை வழக்கம் தருகிறது.

மற்ற நாடுகளில்?

சீனர்களின் ஏழாம் மாதம் 15-ம் நாள் (இந்த ஆண்டு ஆகஸ்ட் 27) பசித்த ஆவிகளுக்கான நாள். சிங்கப்பூரில் அந்த மாதம் முழுக்க 'கேத்தாய்' என்ற மேடைக் கச்சேரிகள் நடக்கும். முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். அவை வந்து போகும் ஆவிகளுக்காம். அங்கும் இதற்குப் பொது விடுமுறை இல்லை.

வியட்நாமில் இதே நாள் 'வூ லான்'. தாய் உயிரோடு இருப்பவர்கள் சிவப்பு ரோஜாவும், தாயை இழந்தவர்கள் வெள்ளை ரோஜாவும் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள்.

அதேநேரம், அரசு நினைத்தால் மாற்ற முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஏப்ரலில் வரும் கல்லறை வழிபாட்டு நாளான 'சிங்மிங்'கை சீனா 2008-ல் பொது விடுமுறை ஆக்கியது.

இலங்கையில் நிலைமை சுவாரசியமானது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கும், தாயை இழந்தவர்கள் சித்திரைப் பௌர்ணமிக்கும் விரதம் இருப்பார்கள். யாழ்ப்பாணம் கீரிமலைத் தீர்த்தம் ஆடி அமாவாசையில் நிரம்பிவிடும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' விடுமுறை. ஆக, அம்மாவின் விரதத்துக்கு லீவு தானாக வந்துவிடுகிறது. அப்பாவின் விரதத்துக்கு வருவதில்லை!

கேரளத்தில் உண்டு, இங்கே இல்லை

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நமக்கு ஆடி அமாவாசை என்றால் மலையாளிகளுக்கு அது கர்க்கடக வாவு. வர்க்கலா பாபநாசம் கடற்கரையில் பலி இடக் கூட்டம் அலைமோதும். கேரளத்தில் அன்று பொது விடுமுறை. தமிழ்நாடு அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் ஆடி அமாவாசை இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் சில ஆண்டுகளில் உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்பட்டிருக்கிறது.

உள்ளூர் விடுமுறையில் யாருக்கு லீவு?

இங்கேதான் ஒரு சிக்கல். உள்ளூர் விடுமுறை என்பது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது. அதனால் வங்கிகள் இயங்கும். கருவூலங்களில் குறைந்த ஊழியர்களோடு அவசரப் பணி நடக்கும். பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகங்களுக்கு லீவு. அதை ஈடுகட்ட வேறொரு சனிக்கிழமை வேலை நாளாகும்.

தனியார் தொழிலாளர்களுக்கு 1958-ம் ஆண்டின் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாட்களோடு, 5 பண்டிகை விடுமுறைகளை நிறுவனங்கள் தர வேண்டும். பொங்கல், தீபாவளி என்று எண்ணிப் பார்த்தால் அந்த 5 நாட்கள் எங்கே போயின என்றே தெரியாது. சம்பளம் நாள் கணக்கில் வாங்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இது எதுவுமே இல்லை. அவர்களுக்கு லீவு என்றால் அன்றைய கூலி கட்.

பெருக்கும் திதியும்

ஆடியின் இன்னொரு முகம் ஆடிப் பெருக்கு. இந்த ஆண்டு ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை. சிதம்பரம் பக்கம் கொள்ளிடக் கரையில் காதோலை, கருகமணி, காப்பரிசி வைத்துப் படைத்து, புதுத் தாலிக் கயிறு மாற்றுவார்கள். மேட்டூரிலிருந்து உபரி நீர் வந்தால் கொள்ளிடம் இரு கரை தொட்டு ஓடும். வராவிட்டால் மணலில் ஊற்றுத் தோண்டி, குடத்துத் தண்ணீரில்தான் பூஜை. பெருக்கும் அமாவாசையும் 9 நாள் இடைவெளியில் வரும்போது, தினக்கூலிக் குடும்பங்கள் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது.

என்னதான் வழி?

'எல்லாத்துக்கும் லீவு விட்டா வேலை எப்ப நடக்கும்?' என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதிலும் இருக்கிறது. உள்ளூர் விடுமுறையில் வேலை நாள் குறைவதில்லை, சனிக்கிழமைக்கு மாறுகிறது. ஆற்றங்கரையும் கடற்கரையும் உள்ள மாவட்டங்கள் ஆடி அமாவாசைக்கும் அந்த வழியை யோசிக்கலாம். தனியார் நிறுவனங்கள், 5 பண்டிகை நாட்களில் ஒன்றைத் தொழிலாளியின் விருப்பத்துக்கு விடலாம். குறைந்தபட்சம், அன்று காலை 2 மணி நேரம் தாமதமாக வர அனுமதிக்கலாம்.

தேவனாம்பட்டினம் கரைக்கு இன்னொரு நினைவு நாளும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் ஆண்டுதோறும் அன்று கடலில் பால் ஊற்றி, பூத்தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். அதற்கும் அரசு விடுமுறை இல்லை. யாரும் விடுமுறை அறிவிக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவும் இல்லை.

லீவு இல்லையென்றாலும் திதி நிற்காது. கரையில் இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை சொல்ல நேரம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.