அம்பாசிடருக்கு உறுப்பு தானம்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பெயின்ட் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். குரோமியப் பூச்சு, ஹாரன் சத்தம், இருக்கையின் தோல் எல்லாம் பேச்சில் அடிபடும். பிரேக் மட்டும் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் கொல்கத்தாவில் ஒரு பழைய கார் சாலையில் ஓடுமா, கொட்டகையில் நிற்குமா என்பதை இன்று தீர்மானிப்பது பிரேக்தான்.

காரணம் எளிது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். முன்னால் போகிற கார் நினைத்த இடத்தில் நிற்கிறது. பின்னால் வரும் 1960களின் அம்பாசிடருக்கோ நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறையும். மழைத் தண்ணீர் புகுந்தாலும் குறையும். ஆண்டுதோறும் தெருக்களில் தண்ணீர் தேங்கும் நகரத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

நோய் இங்கே என்றால் மருந்தும் இங்கேயே இருக்கிறது. ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றி 1950களின் பிற்பகுதியில் உருவான கார் அம்பாசிடர். 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அடிப்படை உருவம் மாறவில்லை. உள்ளே மட்டும் எவ்வளவோ மாறியது. பின்னாளில் வந்த சில மாடல்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் மிதியை லேசாக்கும் பூஸ்டரும் வந்தன. பேரனின் உறுப்பைத் தாத்தாவுக்குப் பொருத்தும் யோசனை பிறந்தது இப்படித்தான்.

கொடையாளிகளுக்கும் பஞ்சமில்லை. 15 ஆண்டுகளைத் தாண்டிய வணிக வாகனங்களை விலக்கும்படி 2008ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு மஞ்சள் டாக்ஸிகள் கூட்டம் கூட்டமாக ஓய்வுபெற்றன. சென்னைக்குப் புதுப்பேட்டை போல கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார். பிரித்துப்போட்ட கார்களின் பாகங்களைத் தேடுபவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

உறுப்பு தானத்தில் ரத்த வகை பொருந்த வேண்டும். இங்கேயும் அப்படியே. டிஸ்க்கையும் அதைக் கவ்வும் காலிப்பரையும் மட்டும் வாங்கி வந்து மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. டிரம்மில், சுழற்சியே பிரேக் ஷூவை உள்ளே இழுத்து அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. காலால் அதிகமாக அழுத்த வேண்டும் அல்லது பூஸ்டர் வேண்டும். காலிப்பருக்கு பிரேக் ஆயிலும் கூடுதலாகத் தேவை. பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைத் தள்ளித் தீர்ப்பதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடக்கூடும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருந்தால், அது டிஸ்க் பேடை ஓயாமல் உரச வைக்கும்.

ஆகவே முன் டிஸ்க், காலிப்பர், ஸ்டப் ஆக்ஸில், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வருவது உத்தமம். பின் டிரம்மின் வீல் சிலிண்டரும் அதே கணக்கில் இருக்க வேண்டும். முன்பக்கத்துக்கு முந்திப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பி நிற்கும். பழைய சக்கரத்துக்குள் காலிப்பர் இடிக்காமல் சுழல்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே அளந்து பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல் எளிதில் கண்ணில் படாது. பூஸ்டர் வேலை செய்வது வெற்றிடத்தால். பெட்ரோல் இன்ஜினில் அது காற்று உள்ளே போகும் குழாயிலேயே கிடைக்கிறது. டீசல் இன்ஜினுக்குத் தனி பம்ப் வேண்டும். டீசல் டாக்ஸியிலிருந்து கழற்றிய பூஸ்டரைப் பெட்ரோல் அம்பாசிடரில் வைப்பவர்கள் இந்த இணைப்பை மறந்தால், பூஸ்டர் வெறும் தகர டப்பா.

இது உள்ளூர் கிறுக்குத்தனம் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் மோரிஸ் மைனர் பிரியர்கள் பிற்கால மோரிஸ் மரீனாவின் டிஸ்க் பிரேக்கைத் தங்கள் கார்களில் மாட்டுவது நீண்டகால வழக்கம். மரீனாவின் முன்பக்க அமைப்பே மைனரிலிருந்து வந்தது என்பதால் சம்பந்தம் சுலபமாகக் கூடியது. டிஸ்க்கின் பெருமையை உலகுக்குக் காட்டியதும் ஒரு பிரிட்டிஷ் கார்தான்: 1953ல் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற ஜாகுவார்.

தானத்துக்கும் எல்லை உண்டு. இரும்பை இரவல் வாங்கலாம். ரப்பரை வாங்கக் கூடாது. சீல், ஹோஸ், பிரேக் பேட், ஷூ லைனிங் எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே உப்பி அடைத்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிப் பெடல் பஞ்சு போல அமுங்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் அந்தத் தூசியை ஊதித் தள்ளுவதும் தவறு. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

அசல் தன்மை போய்விடாதா என்பது ரசிகர்களின் கவலை. 1968ல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் கார் அணிவகுப்பைப் போற்றும் நகரத்தில் அது நியாயமான கேள்வி. 50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்காக மத்திய அரசு 2021ல் கொண்டுவந்த விதி, அவை அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. பெரிய மாற்றம் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றை. அந்தப் பட்டியலில் பிரேக் இல்லை. இருந்தாலும் புத்திசாலிகள் எதையும் வெட்டுவதில்லை, வெல்டிங் செய்வதில்லை. கழற்றிய டிரம்மைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் வைக்கிறார்கள். என்றைக்கு வேண்டுமானாலும் பழையபடி மாட்டலாம்.

ஆனால் அவசரம் ஒன்று இருக்கிறது. 2014ல் வெளிவந்த கடைசி அம்பாசிடருக்கும் 2029ல் 15 வயது முடிகிறது. அதற்குள் மல்லிக் பஜாருக்கு வரும் டாக்ஸிகள் குறைந்துவிடும். இன்று காயலான் கடைத் தராசில் எடை போடப்படும் ஒரு ஸ்டப் ஆக்ஸில், நாளை தேடினாலும் கிடைக்காது. அழகுக்காகக் காரைக் காப்பாற்றுகிறவர்கள் முதலில் வாங்கி வைக்க வேண்டியது குரோமியம் பம்பர் அல்ல. அதை நிறுத்தும் சாமான்கள்.